வளையம் இல்லாத சுருட்டு

அத்தியாயம் 9

ஒரு சுருட்டுக் கம்பெனியை இழுத்து மூடியதற்காக ஒரு குடும்பமே இப்படி அலைய வேண்டுமா என்று கேட்டு எழுதியவர்கள் பலர். அலையத்தான் வேண்டியிருக்கிறது. அப்பாவின் பிடிவாதம் அப்படி.

அப்பா ஒரு தேயிலைக் கம்பெனியில் தலைமை ருசி பார்ப்பவர். கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘பெரிய நாக்கு.’ அவருக்குக் கீழே அதே மேஜையில் வேலை பார்க்கும் மகளுக்கு ‘சின்ன நாக்கு.’ இரண்டு பெயரையும் வைத்தவர்கள் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு சுருட்டுதான் அவர் கணக்கு. வேலை முடிந்து வீடு வந்து, பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து பற்ற வைப்பார். வேலைக்கு முன்னால் தொடவே மாட்டார். புகை பட்ட நாக்கு ஊமை நாக்கு என்பார்.

அவர் பிடித்தது பணக்காரச் சுருட்டு இல்லை. விலை கையைக் கடிக்காது. நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இன்றும் இருக்கும். ருசி பார்ப்பதே பிழைப்பாக இருப்பவருக்கு அந்த நாணயம் பிடித்துப் போயிருந்தது.

அது நின்றுபோன பிறகு அம்மா வாங்கி வராத ரகம் இல்லை. ஒன்று ஒரு பக்கமாகவே எரிந்தது. ஒன்று அணைந்து அணைந்து உயிரை வாங்கியது. ஒன்றின் முதல் பெட்டி பிரமாதம்; இரண்டாவது பெட்டி யாரோ முன்பின் தெரியாதவர் செய்தது மாதிரி. இன்னொன்று எல்லா விதத்திலும் நன்றாக இருந்தது. ஆனால் அதைத் தினமும் பிடிப்பதென்றால் வீட்டை விற்றுவிட்டுத் தெருவில் உட்கார்ந்துதான் பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அப்பா சொன்னது ஒரே வார்த்தை. “வைக்கோல்.”

இந்த நிலையில்தான் சுருட்டுக் கடைக்காரர் போன வாரம் போன் செய்தார். மாடி அறையைச் சுத்தம் செய்தபோது பழைய சரக்கில் அதே சுருட்டு ஒரு முழுப் பெட்டி கிடைத்ததாம்.

சனிக்கிழமை அரை நாள் வேலை என்பதால் அப்பா மதியமே வந்துவிட்டார். மகள் அன்று கம்பெனிக்கே போகவில்லை. தேயிலைக்கான புது அட்டைப் பெட்டியின் நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க மேனேஜர் அவளை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தார். அங்கிருந்து நேராக வீட்டுக்கு வந்தாள்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

“காலையில பெரிய லாட் ஒண்ணு ருசி பாத்தேன். நல்ல சரக்கு. சாயங்காலம் லாரி ஏறுது.”

“தனியாவாப்பா பாத்தீங்க?”

“ஏன்? நீ வர்றதுக்கு முன்னாடி என்ன, ஆள் வச்சா பாத்துக்கிட்டிருந்தேன்?”

சாதாரணக் கேள்விக்குச் சுள்ளென்று பதில் வந்தது. மகள் தட்டைப் பார்த்துக்கொண்டாள். அப்பா சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

அம்மா அவள் காதருகே குனிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“பெட்டி வந்தாச்சுடி. வளையத்தை எல்லாம் கழட்டிடச் சொல்லிட்டேன்.”

“எதுக்கும்மா?”

“நல்லா கேட்ட போ. பேரைச் சொல்லிக் குடுத்தா இந்த வீட்டுல மரியாதை உண்டா?”

அது உண்மைதான். அந்த வீட்டில் எதையும் பெயர் சொல்லிக் கொடுக்கிற வழக்கம் இல்லை. கம்பெனி மேஜையில் கிண்ணங்களுக்குப் பெயர் கிடையாது. அந்தப் பழக்கம் அப்பாவோடு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. புதுத் தேன் வாங்கினால் பாட்டிலை ஒளித்து வைத்துக் கரண்டியில்தான் கொடுப்பார்கள். மகள் சிறுமியாக இருந்தபோது குழாய்த் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் இரண்டு டம்ளரில் வைத்து அவரை மடக்கப் பார்த்திருக்கிறாள். ஒரு தடவைகூட மடங்கியதில்லை. சரியாகச் சொல்லிவிட்டு அவர் மீசையைத் தடவும் அழகைப் பார்க்கவே அம்மா விதவிதமாக வாங்கி வருவாள்.

இன்றைக்கும் அந்த மீசைத் தடவலுக்காகத்தான் காத்திருந்தாள். சுருட்டின் நடுவே சுற்றியிருக்கும் சிவப்புக் காகித வளையம் இல்லை என்றால் என்ன? இத்தனை வருஷமாகப் பிடித்தது. முதல் இழுப்பிலேயே துள்ளிக் குதிப்பார்.

அப்பா படிக்கட்டில் உட்கார்ந்தார். அம்மா நீட்டினாள்.

“இதையும் பாத்துடுங்க. புதுசா ஒண்ணு.”

அப்பா முனையைக் கிள்ளினார். பற்ற வைத்தார். புகையை வாயில் நிறுத்திக் கண்ணை மூடினார். அம்மா கதவுக்குப் பின்னால் மகளின் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டிருந்தாள்.

புகை வெளியே வந்தது.

“வைக்கோல்” என்றார். “திருப்பிக் குடுத்துடு. வீணா அலையாதே.”

அம்மாவின் பிடி தளர்ந்தது.

அடுத்த நிமிஷம் அவளுக்கு மூக்கு மேல் கோபம். அணைத்த சுருட்டை ஒரு காகிதத்தில் சுற்றினாள், பெட்டியைத் தூக்கினாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“நீயும் வாடி. அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்.”

சுருட்டுக் கடை ஒரு சாவிக்கடைக்கும் ஒரு தையல்கடைக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தது. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய் நிறையச் சிரித்தார்.

“என்னம்மா, அசந்துட்டாரா?”

“அசந்துட்டாரு! ஏன் அண்ணே, எத்தனை வருஷமா உங்க கடைக்கு வர்றேன்? வளையத்தைக் கழட்டச் சொன்னா, சரக்கையே மாத்திடறதா?”

சிரிப்பு நின்றது.

“என்ன சொல்றீங்க?”

“வைக்கோலாம். அவர் வாயால சொன்னார். அவர் நாக்கு பொய் சொல்லாது.”

“என் கையும் பொய் சொல்லாதும்மா.” கடைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. மேஜை இழுப்பறையை வெளியே இழுத்து அவர்கள் முன்னால் வைத்தார். சிவப்பு வளையங்கள் குவிந்து கிடந்தன. பக்கத்தில் வளையம் கழற்றாத சுருட்டு ஒன்று. “எனக்குன்னு ஒண்ணை எடுத்து வச்சேன். இது அந்தப் பெட்டியில இருந்ததுதான். நீங்களே பாருங்க.”

“பாத்தா என்ன தெரியும்? எல்லாம் கறுப்பாத்தான் இருக்கு.”

“அம்மா, கொஞ்சம் சும்மா இரு” என்றாள் மகள்.

அவள் இரண்டையும் கையில் வாங்கினாள். அப்பா அணைத்ததை ஒரு கையிலும் வளையம் போட்டதை ஒரு கையிலும் வைத்துக்கொண்டாள். முதலில் அணைத்ததன் எரியாத பக்கத்தை முகர்ந்தாள். ஒரு மூச்சு விட்டு இரண்டாவது. மறுபடி முதலாவது. மேஜையில் அப்பா அவளைப் பழக்கிய விதம் அதுதான்.

மரத்தூள், கொஞ்சம் கோகோ, நனைந்த தோல் பை, கடைசியில் ஒரு துளி கசப்பு. பள்ளிக்கூட வாசலில் அழைத்துப்போக வரும் அப்பாவின் சட்டைப் பையில் முகத்தைப் புதைத்தால் இதே வாசனைதான் வரும்.

“ரெண்டும் ஒண்ணும்மா.”

“உனக்கு ஜலதோஷம்.”

“அம்மா. ரெண்டும் ஒண்ணு. இது அதேதான்.”

கடைக்காரர் வெற்றியோடு வாயைத் திறந்தவர், மகளின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். எதையோ தேடுவது போல உள்ளே போய்விட்டார்.

அம்மாவுக்கு இன்னும் புரியவில்லை. “அப்புறம் ஏண்டி அப்படிச் சொன்னார்?”

மகள் வேறு ஒன்றைக் கேட்டாள்.

“சாப்பாட்டுல அப்பா கடைசியா எப்போ குறை சொன்னார்?”

“இதென்ன கேள்வி? அவர்தான் இப்பல்லாம் தங்கமா ஆயிட்டாரே. கல்யாணம் ஆன நாள்லேருந்து உப்பு கூட, புளி கம்மி, எண்ணெய் பழசுன்னு என்னை வறுத்தெடுத்த மனுஷன். அந்தக் காய்ச்சல்ல படுத்து எழுந்த பிறகு வாயே திறக்கறதில்ல. அன்னிக்கு ரசத்துல உப்பே போட மறந்துட்டேன்டி. ஒரு வார்த்தை சொல்லாம ரெண்டு தரம் வாங்கிச் சாப்…”

அதோடு நின்றாள்.

தையல்கடை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டியின் மூடியைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“நான் என்னமோ… என் கைப்பக்குவம் கூடிப்போச்சுன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்” என்றாள். அழவில்லை. மானம் போனவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மகளுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. அவள் தலைக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அப்பா மேஜையில் ஒரு புது வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு கிண்ணத்தையும் இருவரும் உறிஞ்சித் துப்பியதும், கரண்டியை அவள் பக்கம் நீட்டுவார். “நீ முதல்ல சொல்லு, பாப்போம்.”

அவள் சொல்வாள். அவர் கொஞ்சம் யோசித்து, “அதேதான்” என்பார்.

ஒரு தடவைகூட ‘இல்லை’ என்றதில்லை. தன் நாக்கு தேறிவிட்டது என்று அவள் அம்மாவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

இன்று காலை அவள் அச்சகத்தில் இருந்தாள். அப்பா தனியாக ஒரு பெரிய லாட்டுக்குச் சம்மதம் கொடுத்திருக்கிறார்.

“அம்மா, நீ வீட்டுக்குப் போ. அப்பாகிட்ட எதையும் காட்டிக்காதே.”

“நீ எங்கடி போறே?”

“லாரி கிளம்பறதுக்குள்ள போகணும்.”

கிடங்கில் பாதி மூட்டைகள் ஏறியிருந்தன. ஒவ்வொரு மூட்டை மேலும் சாக்கட்டி வட்டம். அப்பா ‘போகலாம்’ என்பதற்குப் போடும் அடையாளம் அது. தகராறு என்று வந்தால் அந்த வட்டத்தைக் காட்டி வழக்கை முடித்துவிடுவார்கள். அவ்வளவு மதிப்பு.

“என்ன சின்ன நாக்கு, இந்த நேரத்துல?” என்றார் மூட்டை தூக்குகிறவர் ஒருவர்.

“ஒரு பிடி எடுக்கணும்ணே. கீழ் வரிசையிலேருந்து.”

மாதிரி எடுக்கும் கூர்க்குழலைச் சாக்கில் குத்தி இலையை எடுத்தாள். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். கறுகறுவென்று முறுக்கேறிய நல்ல இலை. ருசி பார்க்கும் அறைக்கு ஓடித் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றினாள். நிறம் செம்பை உருக்கியது போல இறங்கியது. கண்ணுக்குக் குறையே இல்லை. அப்பா கண்ணை நம்பித்தான் வட்டம் போட்டிருக்கிறார்.

கரண்டியால் அள்ளிச் சத்தமாக உறிஞ்சினாள்.

குமட்டிக்கொண்டு வந்தது. தொட்டியில் துப்பினாள். வாயைக் கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை.

“என்ன, நீ இங்க?”

வாசலில் மேனேஜர். அவருக்குப் பின்னால் கனத்த உடம்போடு ஒருவர் நின்றார். லாட்டை வாங்குகிற வியாபாரி.

உண்மையைச் சொன்னால் அப்பா இன்றோடு முடிந்தார். சொல்லாவிட்டால் லாரி போய்விடும். அந்தச் சரக்கு திரும்பி வரும் நாளில் அப்பா அதைவிடக் கேவலமாக முடிவார். அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

“அப்பா இன்னொரு தரம் பாக்கணும்னார் சார். காலையில பாத்ததுல ஒரு சந்தேகமாம். லாரியைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொன்னார்.”

“அவருக்கே சந்தேகமா?” மேனேஜர் வியாபாரியைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். “பாத்தீங்களா? வட்டம் போட்ட பிறகும் மனசு கேக்கல. அதான் எங்க பெரிய நாக்கு! இரும்மா, காரை அனுப்பறேன். இவர் முன்னாடியே பாக்கட்டும்.”

அவள் காப்பாற்றுவதாக நினைத்து, அப்பாவைக் கொண்டுவந்து சந்தையில் நிறுத்திவிட்டாள்.

அப்பா வந்தார். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டு. பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எதற்குக் கூப்பிட்டார்கள் என்று டிரைவர் சொல்லியிருக்க வேண்டும். மகளை ஒரு தரம் பார்த்தார். கை கழுவினார்.

மேனேஜர் கிண்ணங்களை வரிசையாக வைக்கச் சொன்னார். வேடிக்கை பார்க்கும் ஆசையில் வியாபாரி மேஜைக்கு நெருங்கி வந்து நின்றார். அவருடைய அகன்ற முதுகு மகளை முழுசாக மறைத்துவிட்டது.

அப்பா உறிஞ்சினார். அறை முழுவதும் கேட்கும் அதே பழைய சத்தம். வாயில் உருட்டினார். துப்பினார். தலையை நிமிர்த்தி அவளைத் தேடினார்.

வியாபாரியின் தோளுக்கு மேலே அந்தக் கண்கள் அலைவது அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் கையை விட்டுவிட்ட குழந்தை தேடுகிற மாதிரி தேடின. இத்தனை நாள் அவர் தன்னைப் பரீட்சை பண்ணுகிறார் என்று நினைத்திருந்தாளே, அந்தப் பார்வை இதுதானா?

இப்படியே நின்றால் எல்லாம் இன்றோடு முடிந்துவிடும். இனிமேல் யாரும் நடிக்க வேண்டாம். ஒரு கணம் அப்படியே நின்றாள்.

பிறகு வெந்நீர்க் கெட்டிலை நகர்த்தி வைக்கிற சாக்கில் பக்கவாட்டில் நகர்ந்தாள். அப்பாவின் கண் அவள் மேல் விழுந்தது. அவள் மூக்கைச் சுளித்தாள்.

அப்பா கரண்டியை வைத்தார்.

“இந்தச் சரக்கு போகக் கூடாது” என்றார்.

மேனேஜர் அதிர்ந்தார். “என்ன சார் கெடுதி?”

வியாபாரி குனிந்து கிண்ணத்தை முகர்ந்தார். ஒன்றும் பிடிபடாமல் அப்பாவின் வாயையே பார்த்தார். அப்பா துண்டால் மீசையை ஒற்றினார். நிதானமாகத் துண்டை மடித்தார். மகளைப் பார்த்தார்.

“நீ முதல்ல சொல்லு, பாப்போம்.”

தினமும் கேட்ட வார்த்தைதான்.

“ஈரச் சாக்கு வாடை. அதுக்கு அடியில… பூச்சி மருந்து. கிடங்குல கீழ் வரிசை நனைஞ்சிருக்கு.”

“அதேதான்” என்றார் அப்பா.

வியாபாரி கைதட்டியே விட்டார். “மனுஷன் நாக்கா இது!”

மேனேஜருக்கு நஷ்டத்தைவிடப் பெருமைதான் பெரிதாக இருந்தது. அப்பாவின் தோளில் கை போட்டார். “வெளிநாட்டுக்காரங்க அடுத்த வாரம் வர்றாங்க சார். வருஷத்துக்கான மொத்தச் சரக்கையும் பாத்து எடுக்கறாங்க. ஒரே ஒருத்தர்தான் மேஜையில உக்காரணும், கூட ஆள் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நான் யோசிக்கவே இல்ல. உங்க பேரைக் குடுத்துட்டேன்.”

அப்பா சரி என்று தலையை ஆட்டினார்.

கார் வேண்டாம், நடந்தே போகிறோம் என்று சொல்லிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ஏற்றிய மூட்டைகளை லாரியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். மதில் ஓரமாகவே நடந்தார்கள்.

“சுருட்டுலயா கண்டுபிடிச்சே?” என்றார் அப்பா.

“ஆமாம்ப்பா.”

“அது பழசா?”

“ஆமாம்.”

“ம்.” இன்னும் கொஞ்சம் நடந்தார். “சுருட்டை வேண்டாம்னு சொல்லிட்டா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க. நல்லாயிருக்குன்னா எது நல்லாயிருக்குன்னு கேப்பாங்க. அதான்.”

“காய்ச்சல்லேருந்தா?”

“திரும்பி வந்துடும்னு நினைச்சேன். ஒரு நாள் காலையில எழுந்தா வந்திருக்கும்னு.”

“டாக்டர்கிட்ட போகலாம்ப்பா.”

“போனா வெளியில தெரிஞ்சுடும். உங்க அம்மாவுக்கு?”

“தெரியும்.”

அப்பா நின்றுவிட்டார். மதிலில் கை ஊன்றிக்கொண்டார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்டது வேறு.

“உள்ள மூக்கைச் சுளிச்சியே. சரக்கு நிஜமாவே கெட்டிருந்துதா? இல்ல, எனக்காக ஏதாவது…?”

அவளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தனை பேர் முன்னால் அத்தனை நிதானமாகத் தீர்ப்புச் சொன்னவருக்கு, தான் சொன்னது நிஜமா பொய்யா என்றே தெரியாது.

“நிஜமா கெட்டிருந்துதுப்பா. எனக்குக் குமட்டிடுச்சு.”

“நல்லவேளை” என்றார். முகத்தில் ஒரு ஆசுவாசம் வந்தது. வந்த வேகத்தில் போயிற்று. மதிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“எப்படி இருந்துது? சொல்லு.”

“அதான் சொன்னேனேப்பா, ஈரச் சாக்கு…”

“அது அவங்களுக்குச் சொன்னது. எனக்குச் சொல்லு. வாயில விட்ட உடனே என்ன வந்துது?”

“முதல்ல நல்லாத்தான் இருந்துது. துவர்ப்பு, கொஞ்சம் இனிப்புகூட.”

“நாக்கு நுனியிலயா?”

“நுனியில. அப்புறம் பக்கத்துக்குப் பரவினதும் சாக்கு. மழையில நனைஞ்சு மூலையில கிடந்த சாக்கு.”

“மருந்து எங்க வந்துது?”

“கடைசியில, தொண்டைகிட்ட. கசப்பு இல்ல, ஒரு மாதிரி… எரிச்சல்.”

அவருடைய தாடை மெல்ல அசைந்தது. மூடிய வாய்க்குள் எதையோ உருட்டுகிற மாதிரி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைந்தது. வழியில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை.

அவள் பேச்சை நிறுத்தினாள்.

“இன்னும் சொல்லும்மா” என்றார் அப்பா.